சாரதி தப்பியோட்டம்

பத்திரிகைக் காரியாலயமொன்றில் ஆகக் குறைந்த நேரத்தில் எழுதி முடிக்கப்படுவது வீதி விபத்துச் செய்தியாகத்தான் இருக்கும். இடம், நேரம், வாகனத்தின் வகை, காயமடைந்தவரின் வயது, அவர் அனுமதிக்கப்பட்ட வைத்தியசாலை. இறுதியில் ‘மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்’ என்று ஒரு வரி. பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றினால் நேற்றைய செய்தி இன்றைய செய்தியாகிவிடும். பக்கத்தின் அடியில் ஒன்றரை அங்குலம் வெறுமையாகக் கிடக்கின்றதென்று பக்க வடிவமைப்பாளர் குரல் கொடுத்தால், அந்த இடத்தை நிரப்பக் கைகொடுப்பதும் அதுவே.

அவ்வாறான செய்திகளுக்காக நாம் வைத்திருக்கும் தலைப்புகளில் மிகப் பழையது ‘சாரதி தப்பியோட்டம்’. இரண்டே சொற்கள். ஒற்றைப் பத்திக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். முப்பது வருடங்களில் எத்தனை நூறு தடவைகள் அந்தத் தலைப்புக்கு அனுமதி கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்தச் சாரதி எதற்காக ஓடினார், எங்கே ஓடினார், ஓடித்தான் போனாரா என்று எந்த நிருபரிடமும் ஒரு தடவையேனும் கேட்டதுமில்லை. ஓடினவர் குற்றவாளி. அதற்கு மேல் அறிந்துகொள்ள என்ன இருக்கின்றது?

2023 நவம்பர் மாதத்து மழை இரவொன்றில் அந்தச் சாரதி நானானேன்.

அன்று முதற்பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டுக் காரியாலயத்திலிருந்து புறப்படும்போது இரவு பத்தே முக்கால். காலி வீதியில் நெரிசல் குறைந்திருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குச் செல்லும் குறுக்கு வீதியில் திரும்பிச் சிறிது தூரம் சென்றிருப்பேன். இடப்பக்க ஒழுங்கையொன்றிலிருந்து முச்சக்கர வண்டியொன்று வெளியே வந்தது. பிரேக்கை மிதித்தேன். நனைந்த தார் வீதியில் கார் வழுக்கிச் சென்று அதன் முன்பக்கத்தில் முட்டியது. பெரிய மோதலென்று சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று சில்லில் நிற்கும் வாகனத்துக்கு அது போதுமாயிருந்தது. அது மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்தது. அவர் பார்க்காமல் வந்தாரா, நான் வேகமாக வந்தேனா என்பது பற்றி இன்றுவரை எங்கள் இருவருக்கும் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு.

கொழும்பில் ஒரு விபத்து நடந்தால் கூட்டம் சேர்வதற்கு ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை. எதிரேயிருந்த தேநீர்க் கடையிலிருந்தும் ஒழுங்கைக்குள்ளிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே பயணிகள் எவரும் இருக்கவில்லை. சாரதியை வெளியே எடுத்து நடைபாதை ஓரத்தில் இருத்தினார்கள். அவர் தமது இடது மணிக்கட்டை வலது கையால் பற்றியபடி குனிந்திருந்தார். அது எனது காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இதனை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் காயப்பட்டிருக்கின்றார் என்பது எனக்குத் தெரியும்.

இறங்குவதற்காகக் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். அந்தக் கணத்தில் எவரோ ஒருவர் காரின் பொனட்டில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். ஏதோ சத்தமிட்டார். மூடியிருந்த கண்ணாடிக்கும் மழைக்கும் நடுவே வார்த்தைகள் விளங்கவில்லை. மீண்டும் அறைந்தார். இருவர் எனது பக்கக் கதவை நோக்கி வந்தார்கள். மூன்றாவது அறை விழுந்தபோது எனது கை கதவிலிருந்து தானாகவே விலகிவிட்டது. காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு புறப்பட்டேன்.

நேராகச் சென்றது பொலிஸ் நிலையத்துக்குத்தான். ஐந்தாறு நிமிடங்கள் எடுத்திருக்கும். ஆனால், புறப்பட்டேன் என்பதுதான் விடயம்.

ஏன் புறப்பட்டேன் என்பதைச் சொல்வதானால் நாற்பது வருடங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1983 ஜூலை 25 ஆம் திகதி, திங்கட்கிழமை. எனக்குப் பதின்மூன்று வயது. 23 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். மறுநாள் பொரளை கனத்தை மயானத்தில் அவர்களுடைய இறுதிக் கிரியைகளுக்காகக் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பிய நெருப்பு இரவோடிரவாக நகரத்துக்குள் பரவத் தொடங்கியிருந்தது. அதன் பாரதூரம் விளங்காமல் அன்று காலை வழக்கம் போலப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளில் நானும் எனது தங்கையும் அடக்கம். அரசாங்க இலிகிதராக இருந்த தந்தை எங்களைத் தமது பழைய மொறிஸ் மைனர் காரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். காலி வீதியில் ஒரு கூட்டம் குறுக்கே நின்றது. ஒருவன் வந்து பொனட்டில் உள்ளங்கையால் அறைந்தான். தந்தை காரை நிறுத்தினார்.

ஒரு குழாயைச் செருகிப் பெற்றோலை வாளியொன்றில் எடுத்தார்கள். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். வீதியின் மறுபக்கத்தில் ஒரு கடை எரிந்துகொண்டிருந்தது. தந்தையின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு அகலவேயில்லை. பின் ஆசனத்தில் பாடசாலைச் சீருடையோடு ஒடுங்கியிருந்த எங்களைச் சாரம் கட்டிய இளைஞன் ஒருவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மற்றவர்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். பிள்ளைகள் இருக்கின்றார்கள், விட்டுவிடுங்கள் என்று சொன்னதாகத் தந்தை பின்னர் கூறினார். அவனே வழி விலக்கியும் விட்டான். எடுத்தது போக எஞ்சியிருந்த பெற்றோலில் தந்தையின் சிங்கள நண்பரொருவரின் வீடு வரையில் போய்ச் சேர்ந்தோம். பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாகச் சில நாட்கள். அங்கிருந்து ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறை. வீதியோரத்தில் விட்டு வந்த காரின் இரும்புக் கூட்டை மாத்திரம் தந்தை பிறகு வந்து பார்த்தார். அதன் பின்னர் அவர் கார் வாங்கவில்லை.

பொனட்டில் உள்ளங்கை விழும் அந்தச் சத்தத்தை நாற்பது வருடங்களாக நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அது என்னை விட்டுப் போகவுமில்லை என்பதை அந்த நவம்பர் இரவில் அறிந்துகொண்டேன். காருக்கு வெளியே நின்றவர்களுக்கு நான் தமிழனா சிங்களவனா என்பது கூடத் தெரிந்திருக்காது. அது எனது அறிவுக்குத் தெரியும். எனது கைக்குத் தெரியவில்லை.

பொலிஸ் நிலைய வாசலில் காவல் கடமையிலிருந்தவரிடம் பெயரைச் சொல்லி, விபத்தொன்று நடந்துவிட்டது, ஒருவருக்குக் கையில் காயம் என்று கூறினேன். அவர் கொப்பியொன்றில் குறித்துக்கொண்டு உள்ளே வாங்கில் இருக்கச் சொன்னார். வாங்கில் இருந்தேன். சுமார் நாற்பது நிமிடங்கள் கழித்துச் சார்ஜன்ட் ஒருவர் கூப்பிட்டார். முதலில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். ஒன்றுமில்லை என்றதும் சார்ஜன்டின் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. விபத்து நடந்த இடத்திலிருந்து செல்பவர்களில் பலர் குடித்திருப்பதால்தான் செல்கின்றார்கள் என்பது அவருடைய அனுபவமாக இருந்திருக்கலாம். இதற்கிடையில் சம்பவ இடத்தில் இருந்தவர்கள் 119 இலக்கத்துக்கு அழைத்து எனது காரின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். அவருடைய பார்வையில் நான் முறைப்பாட்டாளனல்லன். தேடப்பட்டு, தானாகவே வந்து அகப்பட்டுக்கொண்டவன்.

வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். தமிழ் எழுதத் தெரிந்தவர் மறுநாள் காலையில்தான் கடமைக்கு வருவார் என்றார். 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதையும், அடுத்த வருடம் வந்த 16 ஆவது திருத்தம் அதனை விரிவுபடுத்தியதையும் பற்றி நான் எழுதிய ஆசிரியத் தலையங்கங்களை ஒன்றாகக் கட்டினால் ஒரு தலையணை அளவுக்கு வரும். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு, நனைந்த சேர்ட்டுடன் வாங்கில் இருப்பவனுக்கு அரசியலமைப்பு நினைவுக்கு வருவதில்லை. வீடு நினைவுக்கு வருகின்றது. சிங்களம் நான் சரளமாகப் பேசுவேன். வாசிக்கச் சற்று நேரமெடுக்கும். கையெழுத்தில் எழுதியதென்றால் இன்னும் கூடுதலாக எடுக்கும். அவர் எழுதினார், வாசித்துக் காட்டினார், நான் தலையாட்டினேன், கையொப்பமிட்டேன். மற்றவர்களுக்குச் செய்யாதே என்று நான் சொல்லும் எல்லாவற்றையும் செய்தேன்.

அன்றிரவு அவர்கள் எனது சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கு வரவேண்டிய திகதி எழுதிய துண்டொன்றைத் தந்தார்கள். சாதாரண வீதிக் குற்றமென்றால் தபாற் கந்தோரில் 14 நாட்களுக்குள் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். இது அந்த வகையல்ல. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், விபத்தொன்றின்போது சாரதி வாகனத்தை நிறுத்தவேண்டும், காயமடைந்தவருக்கு உதவவேண்டும், பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்று கடமைகளை விதிக்கின்றது. அவற்றைச் செய்யத் தவறியவர் நீதிவான் முன்னிலையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுவாரம் எனது சட்டத்தரணி நண்பர் வாக்குமூலத்தின் பிரதியைப் பெற்று வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்த காலத்துப் பழக்கம். என்னிலும் இரண்டு வயது இளையவர்.

“அண்ணை, நீங்கள் சொன்னதிலை ஒரு சொல்லு மாறியிருக்கு” என்றார்.

‘கியா’ என்று நான் சொல்லியிருந்தேன். ‘போனேன்’ என்பது அதன் பொருள். வாக்குமூலத்தில் இருந்தது ‘பலா கியா’. நமது பலாப்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘தப்பி ஓடினேன்’ என்பது அதன் பொருள். சார்ஜன்ட் வேண்டுமென்று அவ்வாறு எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து ஒரு சாரதி சென்றால் அதற்கு அவருடைய தொழிலில் வழங்கிவரும் சொல் அதுதான். எனது தொழிலிலும் அதுதானே!

“எதிர்த்து நிக்கிறதெண்டா மூண்டு நாலு தவணை ஏறி இறங்க வேணும். ஒத்துக்கொண்டால் ஒரே நாளிலை முடிஞ்சிடும். தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போகலாம்” என்றார் நண்பர்.

“நான் ஓடேல்லை. பொலிஸுக்குத்தான் போனனான்” என்றேன்.

“அப்ப எதிர்ப்பம்” என்றார். சட்டத்தரணிகள் கட்சிக்காரரின் கோபத்தோடு வாதிடுவதில்லை.

தவணைக்காகக் காத்திருந்த வாரங்களில், பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம், பிறநாட்டுச் சட்டங்களைத் தேடிப் பார்த்தேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இதனை வாசிக்கும் நண்பர்களுக்கும் இது பயன்படலாம். பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 170 ஆவது பிரிவு, சாரதி நிற்கவேண்டும், தனது விபரங்களைக் கொடுக்கவேண்டும், கொடுக்க முடியாதுபோனால் இயன்றளவு விரைவாகவும் எப்படியும் 24 மணித்தியாலங்களுக்குள்ளும் பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்கின்றது. கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையில் ‘நியாயமான காரணமின்றி’ நிற்காமற் செல்வது குற்றம். நியாயமான காரணம் எது என்பதில்தான் வழக்கே இருக்கின்றது.

என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது இந்தியச் சட்டம். 1988 ஆம் ஆண்டின் அந்நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஆவது பிரிவு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சாரதியின் கடமை என்கின்றது. ஆனால், கூட்டத்தின் ஆவேசம் காரணமாகவோ தனது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ அது இயலாது போனாலன்றி என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கின்றது. கூட்டத்தின் ஆவேசம்! சட்டத்தை வரைந்தவர்கள் வீதியில் நின்று பார்த்தவர்கள்தாம் என்று எண்ணிக்கொண்டேன்.

எனது வழக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் இந்தியாவிலும் இதே பிரச்சினை வீதிக்கு வந்திருந்தது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, கவனயீனமாக வாகனம் செலுத்தி ஒருவருக்கு மரணத்தை விளைவித்துவிட்டு அறிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்து வருடங்கள் வரையிலான சிறைத்தண்டனையை விதித்தது. அதற்கு முன்னர் கவனயீனத்தால் மரணம் விளைவித்தமைக்கு ஆகக் கூடிய தண்டனை இரண்டு வருடங்கள்தான். 2024 ஜனவரி முதலாம் திகதி பல மாநிலங்களில் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் சட்டம் பத்து வருடம் உள்ளே தள்ளும், நாங்கள் என்ன செய்வது என்பது அவர்களின் கேள்வி. அரசாங்கம் இறங்கி வந்தது. அதே வருடம் ஜூலை முதலாம் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மாத்திரம் நிறுத்தி வைக்கப்பட்டது.

எனது பக்க நியாயம் வலுத்துவிட்டதாக நான் மகிழ்ந்தேன். நண்பரிடம் தொலைபேசியில் விபரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணை, அந்தப் பிரிவை எனக்கு வாசிச்சது நல்லது. திரும்ப ஒருக்கா நீங்களும் வாசியுங்கோ. கூட்டம் துரத்தினால் உதவாமல் போகலாம் எண்டுதான் இருக்கு. போன பிறகும் உதவாமல் இருக்கலாம் எண்டு இல்லை. நீங்கள் 1990க்கு அடிச்சனீங்களோ?”

1990 என்பது இங்குள்ள ‘சுவ செரிய’ இலவச அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம். 2016 இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கப்பட்டது. 2018 இல் அது ஏனைய மாகாணங்களுக்கும் விஸ்தரிக்கப்படத் தொடங்கியபோது அந்தச் செய்தியைப் பக்கத்தில் இட்டவன் நான். எனது கைத்தொலைபேசி அன்றிரவு முழுவதும் சட்டைப்பையிலேயே இருந்தது. பொலிஸ் நிலைய வாங்கில் நாற்பது நிமிடங்கள் சும்மா இருந்தேன். நான் 1990க்கு அழைக்கவில்லை.

முதலாவது தவணை 2024 பெப்ரவரியில் வந்தது. நூறு பேர் இருக்கவேண்டிய மண்டபத்தில் இருநூறு பேர். வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றத்தின் மொழி சிங்களம். விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அரசாங்கம் வழங்கவேண்டும். சிங்களத்தில் நடப்பது எனக்கு விளங்கும் என்றாலும், இம்முறை தமிழில் கேட்கவேண்டும் என்று நண்பர் மூலம் கேட்டிருந்தேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை எங்கள் நாட்டில் ‘முதலியார்’ என்பார்கள். வயதானவர், வெள்ளைக் காற்சட்டையும் கறுத்தக் கோட்டும் அணிந்திருந்தார். சிங்களத்தில் வாசிக்கப்பட்ட குற்றச்சாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, பிசிறில்லாத தமிழில் சொன்னார்:

“நீர் வாகனத்தைச் செலுத்திச் சென்று விபத்தொன்றை ஏற்படுத்திவிட்டு, காயமடைந்தவருக்கு உதவாதும் பொலிஸாருக்கு அறிவிக்காதும் சம்பவ இடத்திலிருந்து தப்பியோடினீர் எனக் குற்றம் சாட்டப்படுகின்றீர். நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?”

தப்பியோடினீர். எனது தலைப்பு ஒருமுறை நீதிமன்றத்தைச் சுற்றி வந்து என்னிடமே சேர்ந்தது.

சுற்றவாளி என்றேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். குற்றமற்றவர் என்பதற்கு எங்கள் நீதிமன்றங்களில் வழங்கும் சொல் அது. ‘கு’வுக்கும் ‘சு’வுக்கும் இடையில் ஒரு மனிதனின் கௌரவம் தங்கியிருக்கின்றது.

இரண்டாவது தவணையில் வழக்கு எடுக்கப்படவில்லை. பொலிஸ் தரப்புச் சாட்சியொருவர் வேறு கடமையில் இருந்தார். முச்சக்கர வண்டிச் சாரதி வந்திருந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் தற்செயலாக அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். மணிக்கட்டில் போட்டிருந்த பிளாஸ்டர் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் தேநீர்க் கோப்பையை வலக்கையால்தான் தூக்கினார். இடக்கையில் கிளச்சைப் பிடிக்க முடியாமல் இரண்டு மாதங்கள் வண்டி ஓட்டவில்லை என்றார். அன்றைய ஓட்டத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த தவணைக்கும் அவ்வாறே வரவேண்டும். நான் சுற்றவாளி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருடைய ஒரு நாள் உழைப்பு போய்க்கொண்டிருந்தது. அதை நான் அதுவரை கணக்கில் எடுத்திருக்கவில்லை.

சட்டப்படி சாட்சியோடு வழக்கைப் பற்றிப் பேசுவது சரியல்ல என்பது எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. அவர்தான் கேட்டார். கோபமில்லாத குரல்.

“மஹத்தயா, அன்றைக்கு ஏன் போனீர்கள்?”

கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டேன் என்றேன். பொனட்டில் அறைந்தார்களே என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “அது எனது அக்காவின் மகன். கதவைத் திறக்கச் சொல்லி அடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனம் இருக்கவில்லை. உங்கள் கார் மாத்திரம்தான் நின்றது” என்றார்.

தேநீர்க் கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. எனது பக்கக் கதவை நோக்கி வந்த இருவரும் ஆளைத் தூக்கி ஏற்றுவதற்காக வந்திருக்கின்றார்கள். நான் சென்ற பின்னர் மழைக்குள் இருபது நிமிடங்கள் காத்திருந்து, தெரிந்தவரொருவரின் முச்சக்கர வண்டியில் களுபோவில ஆஸ்பத்திரிக்குச் சென்றிருக்கின்றார்.

“எல்லோரும் அப்படியில்லை” என்று அவரே தொடர்ந்தார். “நீங்கள் இறங்கியிருந்தால் இரண்டொருவர் கை வைத்தும் இருப்பார்கள். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். கோபம் இருந்தது.”

அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டவன். அவர் எனக்கு முழுக் குற்றத்தையும் தரவில்லை, முழு மன்னிப்பையும் தரவில்லை. 1983 இல் பொனட்டில் விழுந்த கைக்கும் 2023 இல் விழுந்த கைக்கும் ஒரே சத்தம். முதலாவதன் பொருள் வேறு, இரண்டாவதன் பொருள் வேறு. எனது செவி முதலாவதை மாத்திரமே அறிந்திருந்தது. பயம் பொய்யல்ல. அது மெய்யான அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆனால் மெய்யான பயமும் ஓர் ஆளைத் தவறாக வாசிக்கக்கூடும். அந்தச் சார்ஜன்ட் எனது ‘போனேன்’ என்பதை ‘தப்பியோடினேன்’ என்று எழுதியதற்காக நான் நீதிமன்றம் ஏறினேன். அந்த இளைஞனின் ‘கதவைத் திற’ என்பதை ‘கொல்லப்போகின்றார்கள்’ என்று நான் மொழிபெயர்த்ததற்கு எவர் நீதிமன்றம் ஏறுவது?

அன்று மாலை நண்பரைச் சந்தித்து, உதவாமற் சென்றதை ஒத்துக்கொள்கின்றேன், பொலிஸுக்கு அறிவிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையசைத்தார். தகவல் புத்தகத்தின் உறுதிப்படுத்திய பிரதியையும் வாசற் காவற் கடமைப் பதிவையும் அவர் முன்னரே கேட்டுப் பெற்றிருந்தார். வாசற் பதிவில் எனது பெயருக்கு எதிரே 11.17 என்றிருந்தது. 119 இலிருந்து அந்த நிலையத்துக்குச் செய்தி வந்தது 11.24 க்கு. தேடி வருவதற்கு ஏழு நிமிடங்கள் முன்னரே நான் அங்கு போயிருந்தேன்.

மூன்றாவது தவணையில் பொலிஸ் தரப்பு அறிவிக்கத் தவறியமை என்ற பகுதியை விலக்கிக்கொண்டது. மீதமிருந்த குற்றச்சாட்டை முதலியார் வாசித்துக் கேட்டார். குற்றவாளி என்றேன். நீதிவான் ஒரு பெண்மணி. கோப்பிலிருந்து நிமிர்ந்து, தொழில் என்ன என்று கேட்டார். பத்திரிகையாளன் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் கோப்பைப் பார்த்தார். கண்டித்து, தண்டப்பணம் விதித்தார். அதனைக் கட்டி எனது அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டேன். முச்சக்கர வண்டிச் சாரதி இழந்த இரண்டு மாத வருமானத்துக்கும் நீதிமன்ற நாட்களுக்குமாக நாங்கள் இருவரும் பேசி முடித்த தொகையை அவர் கையில் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆக, நான் வென்றேனா தோற்றேனா என்று கேட்பவர்களுக்கு: பாதி வென்றேன். வெல்ல வேண்டிய பாதி அதுதான் என்று நினைக்கின்றேன். செய்யாத ஒன்றை ஒத்துக்கொள்வது எளிது என்பதற்காக ஒத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் நாட்டில், அதுவும் விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட்டு வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உள்ள ஒரு சமூகத்தில், இதனைச் சொல்லியேயாக வேண்டும். வாக்குமூலத்தை உங்கள் மொழியில் பதியுமாறு கேளுங்கள். மறுநாள் வரவேண்டுமென்றால் மறுநாள் போங்கள். அதே வேளை, செய்ததை ஒத்துக்கொள்வதற்கும் வழக்குப் பேசுவதற்குச் சமமான துணிவு வேண்டியிருக்கின்றது. எனக்கு அது வருவதற்கு மூன்று தவணைகளும் ஒரு கோப்பைத் தேநீரும் தேவைப்பட்டன. ‘பலா கியா’ என்ற சொல் பொலிஸ் நிலையத்துத் தகவல் புத்தகத்தில் இன்றும் அப்படியே இருக்கின்றது. அதனை அழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார் நண்பர். இருக்கட்டும்.

கடந்த மாதம் ஓர் இரவு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதங்களேயான நிருபர் தம்பி ஒருவர் விபத்துச் செய்தியொன்றைக் கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளில் சென்றவரை லொறியொன்று மோதியிருந்தது. தலைப்பு: சாரதி தப்பியோட்டம்.

“சாரதி வேறை பொலிஸிலை போய் ஆஜராகினவரோ எண்டு கேட்டீரா?” என்றேன்.

அவர் விழித்தார். “இல்லை சேர். பொலிஸ் அப்பிடித்தான் சொன்னது.”

“ஒருக்கா எடுத்துக் கேளும்.”

பக்கத்தை அனுப்ப நேரமாகிவிட்டதென்று வடிவமைப்பாளர் குரல் கொடுத்தார். பொறுக்கச் சொன்னேன். தம்பி மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். பதினொரு நிமிடங்கள் சென்றன. அந்தச் சாரதி எந்தப் பொலிஸ் நிலையத்திலும் ஆஜராகியிருக்கவில்லை. லொறியைச் சில மைல்களுக்கு அப்பால் கைவிட்டுவிட்டுச் சென்றிருந்தார்.

அன்று அந்தத் தலைப்பே அச்சுக்குப் போனது. கேட்ட பின்னர் போனது.